செல்னியில் முள் இல்லை

மதீனா போய்வந்த ராஃபிஸ் கொடுத்த மிஸ்வாக் குச்சி
கண்ணாடிக்குக் கீழே, பற்பசைக்குப் பக்கத்தில்
தனிக் குவளையில் நிற்கிறது.
தண்ணீரை உட்கார்ந்து, மூன்று மடக்காய்க் குடிப்பேன்.
வலக்காலால் பள்ளிக்குள், இடக்காலால் வெளியே.
மூச்சு உறையும் ஜனவரியிலும்
தாடியை எடுத்ததில்லை.
லாரித் தொழிற்சாலையில் என் வரிசைக்காரர்கள்
"இல்துஸ், உன் நபி உன்னைப் பார்த்தால்
அடையாளம் கண்டுகொள்வார்" என்பார்கள்.
பாதி கேலி.
மீதிப் பாதியை மடித்துச்
சட்டைப்பையில் வைத்துக்கொள்வேன்.

நேற்றிரவு
கடைசி டிராமைப் பணிமனையில் விட்டு
ரஸிலா வந்தபோது மணி ஒன்றே கால்.
மதியமே அவள் வைத்துவிட்டுப் போன நூடுல்ஸ் சூப்பை
நான் குடித்து முடித்திருந்தேன்.
கோட்டைக்கூட அவள் கழற்றவில்லை.
"உப்பே இல்லை" என்றேன்,
ஸலாமுக்குப் பதில் சொன்ன அதே மூச்சில்.
அவள் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புச் சாடியை
ஒரு விரலால் என் பக்கம் நகர்த்தினாள்,
காலிக் கிண்ணத்துக்கு முன்னால்.

சுபுஹுக்கு எழுந்தேன். வெளியே மைனஸ் இருபத்தேழு.
காமா ஆறு கல்லாய்க் கிடக்கிறது.
எனக்கு நீண்ட ஸூராக்கள் பிடிக்கும்.
என் குரல் எனக்குப் பிடிக்கும் என்பதும் அதில் உண்டு.
யாஸீன் எடுத்தேன்.
பாதியில், அடுத்த அறையில், அழுகை.
இரண்டு வயதுத் தஹீர்.

குழந்தை அழும் சத்தம் கேட்டால்
நீட்ட நினைத்த தொழுகையை
நபிகள் சுருக்கிக்கொள்வார்கள்,
தாயின் நெஞ்சு பதறுமே என்று.
எத்தனை முறை படித்திருக்கிறேன்!
அது இமாமுக்கான பாடம் என்றிருந்தேன்.
பள்ளியில், பின்வரிசையில்,
வேறு யாரோ ஒரு தாய்க்காக.

ஆயத்தின் முடிவில் நிறுத்தி ருகூஉவுக்குக் குனிந்தேன்.
ஸலாம் கொடுத்ததும் ஓடினேன்.
ரஸிலா விழிக்கவில்லை.
ஒரு கை மட்டும்
தூக்கத்திலேயே படுக்கையைத் துழாவிக்கொண்டிருந்தது.

பிள்ளையைத் தோளில் போட்டு நடக்கும்போது
ஹீட்டருக்கு அடியில் அவள் பூட்ஸ்.
இடது பூட்ஸ் வாய் பிளந்து கிடக்கிறது.
உள்ளே செய்தித்தாள் திணித்திருக்கிறாள்.
எத்தனை நாளாக?
டிராமின் தரை எவ்வளவு சில்லிடும் என்று
நான் கேட்டதே இல்லை.

தம் செருப்பைத் தாமே தைத்தவர்கள்.
தம் துணிக்குத் தாமே ஒட்டுப்போட்டவர்கள்.
வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டவர்களுக்கு
அன்னை ஆயிஷா சொன்ன பதிலில்
தாடியைப் பற்றி ஒன்றுமில்லை.
வீட்டாரின் வேலையில் இருந்தார்கள்.
அவ்வளவுதான்.

கருவிப்பெட்டியில் தோலூசி, மெழுகு நூல்.
இரண்டு முறை விரலில் குத்திக்கொண்டேன்.
எஞ்சின் பூட்டும் கைக்கு
ஒரு பூட்ஸின் வாயை மூட முக்கால் மணி நேரம்.
தையல் கோணல்.

பாதையில் கிடக்கும் முள்ளை
அப்புறப்படுத்தச் சொன்னார்கள்.
செல்னியில் முள் இல்லை.
ஒன்பது மாடிக் கட்டடத்தின் வாசற்படியில்
கண்ணாடியாய்ப் பனிக்கட்டி.
இந்தக் குளிர்காலம் முழுக்க
பிஸ்மி சொல்லி, கம்பியைப் பிடித்துக்கொண்டு
இதைத் தாண்டித் தாண்டிப் பள்ளிக்குப் போயிருக்கிறேன்.

கடப்பாரையை எடுத்தேன்.
மூன்றாம் படியை உடைக்கையில்
கதவைத் திறந்தாள் ஸினாயிதா பாவ்லோவ்னா.
"நகராட்சி இதற்குச் சம்பளம் தருகிறதா?"
இல்லை என்றேன்.
"பிறகு யார் சொன்னது?"
பாலைவனத்து ஊரிலிருந்து ஒருவர்
என்று சொல்ல வாயெடுத்தேன்.
தாடி உறைந்து சொல் வரவில்லை.
வழுக்கும், கையைக் கொடுங்கள் என்றேன்.

மாலை வேலைக்குக் கிளம்புமுன்
பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள் ரஸிலா.
"எந்தக் குடிகாரன் தைத்தது?"
போட்டு, இரண்டடி நடந்து, நின்று,
இன்னும் கொஞ்சம் காற்று நுழைகிறது என்றாள்.
சூப் அடுப்பில் இருக்கிறது என்றாள்.

தஹீர் தூங்கியபின் தனியாகக் குடித்தேன்.
உப்பு அதிகம். வேண்டுமென்றே போட்டாளோ என்னவோ.
கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு
ஊசியையும் நூலையும்
மறுபடி எடுத்து மேசையில் வைத்தேன்.
அவள் வர இன்னும் நான்கு மணி நேரம்.